டிசம்பரில் திருச்சி போகிறோம். அப்பாவின் கைப்பேசியை என்ன செய்வது?

பாயான்லெப்பாஸ் மலர் | நவம்பர் 18, காலை 9:40

வணக்கம். பள்ளி விடுமுறைக்குக் குடும்பமாகத் திருச்சி, பழநி, அப்புறம் அப்பா வழிச் சொந்தங்கள் இருக்கும் கிராமம் என்று பதினாறு நாள் பயணம். பட்டர்வொர்த்தில் இடிஎஸ் ரயில் ஏறி கோலாலம்பூர், அங்கிருந்து விமானம்.

அப்பாவுக்கு 69 வயது. அவருடைய உடம்பைப் பற்றிக்கூட எனக்குப் பயமில்லை, கைப்பேசியைப் பற்றித்தான் பயம். சேமநிதியில் எடுத்த பணம் கிடக்கும் வங்கிக் கணக்கு, மின்பணப்பை, வாட்ஸ்அப் எல்லாம் அந்த ஒரே கைப்பேசியில் இருக்கின்றன. எந்த இணைப்பு வந்தாலும் தட்டிவிடுவார். தட்டிய பிறகுதான் "இது என்னம்மா?" என்று கேட்பார்.

இணையத்தில் போய்வரும் தகவலை மறைத்து அனுப்பும் விபிஎன் ஆப்பைப் போட்டுக் கொடுத்தால் போதும் என்கிறான் தம்பி. போதுமா? விமான நிலைய வைஃபை, அங்கே இருக்கும் சார்ஜ் போடும் துளை, இதையெல்லாம் பயன்படுத்தலாமா? இந்திய சிம் போட்டால், பணம் மாற்றும்போது வங்கி எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும் டேக் எண் எப்படி வரும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நெட்வொர்க்கன் | நவம்பர் 18, காலை 10:25

தம்பி சொல்வதில் பாதி சரி, மலர். பொது வைஃபை என்றாலே அலறிய காலம் ஒன்று இருந்தது. இன்றைக்கு வங்கி ஆப், மின்னஞ்சல், வாட்ஸ்அப் எல்லாமே வழியில் யாரும் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யப்பட்டுத்தான் போகின்றன. பக்கத்து மேசையில் மைலோ குடிப்பவன் உங்கள் கடவுச்சொல்லைக் காற்றிலிருந்து பிடித்துவிடுவான் என்பது பழைய பயம்.

ஆனால் 2024 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவில் நடந்ததைக் கேளுங்கள். உள்நாட்டு விமானம் ஒன்றில் சந்தேகப்படும்படியான வைஃபை தெரிகிறது என்று ஊழியர்கள் கவனித்துச் சொன்னார்கள். பெர்த் விமான நிலையத்தில் ஓர் ஆளின் கைப்பையைச் சோதித்தபோது சிறிய வைஃபை கருவி, மடிக்கணினி, கைப்பேசி ஆகியவை கிடைத்தன. பெர்த், மெல்பர்ன், அடிலெய்ட் விமான நிலையங்களில் அங்கே இருக்கும் இலவச வைஃபையின் பெயரிலேயே இன்னொன்றை உருவாக்கிக் காத்திருந்ததாக அவர்மீது குற்றம் சாட்டினார்கள். இணைந்தவர்களுக்கு ஒரு போலிப் பக்கம் வரும். "உங்கள் மின்னஞ்சல் அல்லது சமூக ஊடகக் கணக்கால் உள்ளே வாருங்கள்" என்று கேட்கும். ஆட்களும் கடவுச்சொல்லைத் தட்டிக் கொடுத்தார்கள்.

இதில் விபிஎன் என்ன செய்யும்? நாமே கையால் தட்டிக் கொடுத்த கடவுச்சொல்லுக்கு விபிஎன் காவல் நிற்காது. அதனால் அப்பாவிடம் வைஃபை கூடாது என்று சொல்லாதீர்கள், கேட்கவும் மாட்டார். வைஃபை பக்கம் கடவுச்சொல் கேட்டால் தாத்தாவை உன்னிடம் கொண்டுவரச் சொல் என்று பேரப்பிள்ளையிடம் பொறுப்பைக் கொடுங்கள். அதைவிட எளிது, உங்கள் கைப்பேசியில் டேட்டா வாங்கி அவருக்கு ஹாட்ஸ்பாட் கொடுப்பது.

பத்துமலைவாசி | நவம்பர் 18, பகல் 12:03

வைஃபையை விடுங்கள். சார்ஜ் போடும் யுஎஸ்பி துளைதான் ஆபத்து. செருகின மறு நிமிடமே படம், தொடர்பு எண், வங்கி விவரம் எல்லாம் போய்விடும். அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐயே எச்சரித்திருக்கிறது.

நெட்வொர்க்கன் | நவம்பர் 18, பகல் 12:31

அண்ணே, எச்சரித்தது உண்மை. 2023 ஏப்ரலில் எஃப்பிஐயின் டென்வர் அலுவலகம் டுவிட்டரில் போட்டது. அதற்குப் பிறகு உலகமே அதைச் சுற்றுக்கு விட்டது. ஆனால் அப்படித் திருடுபோனதாக உறுதியான சம்பவம் என்று தேடினால் கையில் எதுவும் அகப்படாது. ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டியிருக்கிறார்கள், சரி. நிஜத்தில் ஒரு திருடன் விமான நிலையத்துச் சுவரைக் குடைந்து கருவி வைப்பதைவிட, வீட்டில் உட்கார்ந்து ஆயிரம் பேருக்கு எஸ்எம்எஸ் அனுப்புவது அவனுக்கு மலிவு.

சொந்த சார்ஜரைச் சுவர் பிளக்கில் செருகுங்கள், கதை முடிந்தது. துளையில் செருகித்தான் ஆக வேண்டும் என்றால், கைப்பேசி "இந்தச் சாதனத்தை நம்பலாமா?" என்று கேட்கும்போது வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்தியாவில் உருண்டை முனை பிளக், நம் சதுர முனை மூன்று கால் பிளக் அங்கே நுழையாது. அடாப்டர் இல்லாமல் போய் அவசரத்துக்கு யாரோ கொடுத்த கேபிளில் செருகுபவர்கள்தான் அதிகம். பவர்பேங்க் வைத்திருந்தால் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போட விட மாட்டார்கள்.

பத்துமலைவாசி | நவம்பர் 18, பகல் 12:40

நான் செருக மாட்டேன், அவ்வளவுதான்.

செந்தூல் அக்கா | நவம்பர் 18, மாலை 6:15

நீங்கள் வைஃபை, துளை என்று சண்டை போடுகிறீர்கள். என் பணம் போனது எங்கள் வீட்டு வரவேற்பறையில், எங்கள் சொந்த வைஃபையில்.

போன வருடம் தீபாவளிக்கு மறுநாள் லங்காவி போக ஒரு முன்பதிவு ஆப்பில் அறை எடுத்திருந்தோம். பலகாரம் சுட்டுக்கொண்டிருக்கிறேன், கையெல்லாம் எண்ணெய், அப்போது செய்தி வருகிறது. வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் நான் சந்தேகப்பட்டிருப்பேன். அந்த ஆப்புக்குள்ளேயே, நான் முன்பு ஹோட்டலோடு பேசிய அதே உரையாடலின் கீழே வந்தது. என் பெயர், அறை எண்ணிக்கை, தேதி எல்லாம் சரியாக இருந்தது. "உங்கள் அட்டை சரிபார்க்கப்படவில்லை, 12 மணி நேரத்துக்குள் உறுதிப்படுத்தாவிட்டால் அறை ரத்து" என்று ஓர் இணைப்பு. தீபாவளி நேரத்தில் வேறு அறைக்கு எங்கே போவது? அட்டை எண்ணைப் போட்டேன், வங்கி ஆப்பில் ஒப்புதல் கேட்டது, கொடுத்தேன். 1,140 வெள்ளி (ரிங்கிட்). அடுத்த நிமிடமே இன்னொரு 1,140 கேட்டபோதுதான் உறைத்தது.

ஹோட்டலுக்குப் போன் செய்தால், நாங்கள் எதுவும் அனுப்பவில்லையே என்கிறார்கள். பிறகு தெரிந்தது, திருடர்கள் ஹோட்டலின் கணக்கில் நுழைந்து அதிலிருந்து விருந்தினர்களுக்கு அனுப்புகிறார்கள். இது உலகம் முழுக்க நடக்கிறதாம். உடனே மோசடிப் புகார் எண் 997க்கு அடித்தேன், வங்கி அட்டையை முடக்கியது, போலீஸில் புகார் கொடுத்தேன். இரண்டாவது 1,140 தப்பித்தது. முதலாவது இன்னும் வரவில்லை.

என் மகன் கணினி படித்தவன். அவனே பார்த்துவிட்டு, "அம்மா, நானும் போட்டிருப்பேன்" என்றான். ஆறுதலுக்குச் சொன்னானா, உண்மையைச் சொன்னானா தெரியாது.

பாயான்லெப்பாஸ் மலர் | நவம்பர் 18, இரவு 8:50

அக்கா, படித்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. நாங்களும் திருச்சியில் அப்படி ஓர் ஆப்பில்தான் அறை எடுத்திருக்கிறோம். அதில் ஒரு செய்தி வந்தால் நம்புவதா வேண்டாமா?

செந்தூல் அக்கா | நவம்பர் 18, இரவு 9:05

செய்தியைப் படி, அதில் இருக்கும் இணைப்பைத் தொடாதே. வெளியே வந்து ஹோட்டலின் எண்ணை நீயே தேடி அழைத்துக் கேள். பணம் ஏதும் பாக்கி இருந்தால் போய் இறங்கி முகப்பில் கட்டிக்கொள்ளலாம். அறையை ரத்து செய்துவிடுவேன் என்று மிரட்டினால், செய்துகொள் என்று இரு. நான் அன்றைக்கு அப்படி இருந்திருக்க வேண்டும்.

பினாங்குப் பாலம் | நவம்பர் 19, காலை 7:20

பசியாறிவிட்டு வருகிறேன், அதற்குள் இரண்டு பக்கம் ஓடிவிட்டதே.

ஹட்யாய்க்குக் காரில் போகிறவர்களுக்காக ஒன்று. 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழைய மின் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இலவசம். வருவதற்கு மூன்று நாளுக்குள் நிரப்பலாம். ஆனால் கூகிளில் தேடினால் மேலே விளம்பரமாக வருவது வேறு பக்கங்கள். கொடி, முத்திரை, கருடன் எல்லாம் இருக்கும், கடைசியில் அட்டை எண் கேட்கும். என் மச்சான் நான்கு பேருக்குக் கட்டிவிட்டு வந்து, "தாய்லாந்துக்காரன் காசு வாங்க ஆரம்பித்துவிட்டான்" என்று திட்டிக்கொண்டிருந்தான். காசோடு போனால் பரவாயில்லை. நான்கு பேருடைய பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி எல்லாம் யாரிடமோ இருக்கிறது.

உண்மையான தளத்தின் முகவரி 'கோ டாட் டிஎச்' என்று முடியும். நம் நாட்டுக்கு வரும் வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் நிரப்பும் மின் வருகை அட்டையும் இலவசம்தான், அதற்கும் இதே மாதிரிப் போலிகள் உண்டு. இந்தியாவிலிருந்து தங்கச்சி குடும்பம் வருகிறது என்றால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பாயான்லெப்பாஸ் மலர் | நவம்பர் 19, காலை 7:58

இதைப் படித்துவிட்டு, நேற்று ராத்திரி பாதி நிரப்பி வைத்திருந்த இந்திய விசா பக்கத்தைத் திறந்து பார்த்தேன். முகவரியில் 'இந்தியா' இருக்கிறது, 'விசா' இருக்கிறது. 'ஜிஓவி டாட் இன்' மட்டும் இல்லை. ஐந்து பேருக்கும் 'சேவைக் கட்டணம்' சேர்த்துக் காட்டியிருக்கிறது. இன்னும் பணம் கட்டவில்லை. ஆனால் அம்மா, அப்பா இருவரின் பாஸ்போர்ட் படத்தையும் ஏற்றிவிட்டேன்.

அப்பாவைப் பற்றிக் கேட்க வந்த இழையில் நான் மாட்டிக்கொண்டேன்.

நெட்வொர்க்கன் | நவம்பர் 19, காலை 8:30

நடந்தது நடந்துவிட்டது, பணம் கட்டாமல் நின்றீர்களே. அந்தப் பக்கத்தில் கொடுத்த மின்னஞ்சலுக்கு ஏதாவது கடவுச்சொல் அமைத்திருந்தால், அதையே வேறு எங்கும் வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். இனி சில மாதத்துக்கு, பாஸ்போர்ட் எண்ணைச் சரியாகச் சொல்லி யாராவது "குடிநுழைவுத் துறையிலிருந்து பேசுகிறோம்" என்றால், எண் தெரிந்திருப்பதே சான்று என்று நம்பிவிடாதீர்கள். அப்பாவிடமும் சொல்லுங்கள்.

கடாரம் கண்டவன் | நவம்பர் 19, காலை 11:12

திருச்சிக்கு டிக்கெட் என்ன விலைக்குக் கிடைத்தது? நான் பார்க்கும்போதெல்லாம் ஏறிக்கொண்டே போகிறது.

மட்டுறுத்துநர் | நவம்பர் 19, பகல் 1:00

டிக்கெட் விலைக்கு வேறு இழை இருக்கிறது, அங்கே கேளுங்கள். இன்னொன்று: மோசடிக்காரர் கணக்கு என்று சொல்லி யாரும் இங்கே வங்கி எண்ணையோ பெயரையோ போட வேண்டாம். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

நெட்வொர்க்கன் | நவம்பர் 19, இரவு 10:10

டேக் எண் கேள்விக்கு யாருமே பதில் சொல்லவில்லை, அதுதான் இந்த இழையில் முக்கியமான கேள்வி.

2022 செப்டம்பரில் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, எஸ்எம்எஸ் வழி டேக்கை விட்டுவிட்டுப் பாதுகாப்பான வழிக்கு மாறும்படி வங்கிகளிடம் சொன்னது. இப்போது பெரும்பாலும் ஆப்பிலேயே ஒப்புதல் கேட்கிறது. அதற்கு டேட்டாவோ வைஃபையோ இருந்தால் போதும், மலேசிய சிம் வேண்டியதில்லை. இருந்தாலும் சிம்மைக் கழற்றாதீர்கள். இரண்டு சிம் போடும் கைப்பேசி என்றால் நம் சிம் உள்ளேயே இருக்கட்டும், டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிடுங்கள். ரோமிங்கில் எஸ்எம்எஸ் பெறுவதற்குப் பொதுவாகக் காசு பிடிப்பதில்லை. கழற்றிச் சட்டைப்பையில் போட்ட சிம் அப்பாவின் சட்டையோடு சலவைக்குப் போகும், என் அனுபவம்.

பலருக்குத் தெரியாத சிக்கல் இதற்கு மேல்தான். ஒரே கைப்பேசிதான் ஒப்புதல் கொடுக்க முடியும் என்பதும் அதே ஏற்பாட்டின் பகுதி. புதுக் கைப்பேசியில் பதிந்தால் சில மணி நேரம், பெரும்பாலும் அரை நாள், காத்திருக்க வைப்பார்கள். திருடன் உங்கள் கணக்கை அவன் கைப்பேசிக்கு மாற்றினாலும் உடனே சுருட்டிக்கொண்டு ஓட முடியாமல் இருக்கத்தான் அது. ஆனால் திருச்சி பஸ் நிலையத்தில் கைப்பேசி தொலைந்தால் அந்தக் காத்திருப்பு நமக்கும் சேர்த்துத்தான். கையில் ரூபாய்த் தாளும், ஆப்போடு சம்பந்தமில்லாத இன்னொரு அட்டையும் வேறொருவர் பையில் இருக்க வேண்டும்.

அக்கா சொன்ன 997 நல்ல எண், 2022இல் தொடங்கியது. ஆனால் அது உள்நாட்டு எண், திருச்சியிலிருந்து அதை நம்பி உட்கார முடியாது. உங்கள் வங்கிக்கு வெளிநாட்டிலிருந்து அழைக்க +603 என்று தொடங்கும் எண் இருக்கும், அட்டையின் பின்னால் பாருங்கள். தாளில் எழுதுங்கள். கைப்பேசி தொலைந்தால் அழைக்க வேண்டிய எண்ணைக் கைப்பேசியிலேயே சேமித்து வைத்திருப்பவர்கள்தான் நம்மில் பாதிப் பேர்.

அப்புறம் வங்கி ஆப்புக்குள் கணக்கை உடனே முடக்கும் பொத்தான் ஒன்று இருக்கிறது. ஆபத்து என்றால் தயங்காமல் அழுத்துங்கள். ஆனால் திரும்பத் திறப்பது அவ்வளவு சுலபமில்லை, அதனால் அப்பாவிடம் விளையாட்டாகக் காட்டாதீர்கள்.

பாயான்லெப்பாஸ் மலர் | நவம்பர் 19, இரவு 10:45

அந்தப் பொத்தானை அவரிடம் காட்டினால் முதல் நாளே அழுத்திவிடுவார்.

வங்கி ஆப்பை அவர் கைப்பேசியிலிருந்து எடுத்துவிடலாமா? கேட்டுப் பார்த்தேன். "நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று கோபித்துக்கொண்டு ராத்திரி சாப்பிடவில்லை.

செந்தூல் அக்கா | நவம்பர் 20, காலை 6:50

எடுக்காதே மலர். அவர் பணம், அவர் சம்பாதித்தது. என் மாமனாரிடம் நாங்கள் வேறு மாதிரிப் போனோம். ஒரு நாளைக்கு மாற்றக்கூடிய தொகையை 500 வெள்ளிக்கு இறக்கினோம். அவரையே உட்கார வைத்து, அவர் விரலாலேயே. "திருடன் வந்தாலும் 500க்கு மேல் கிடைக்காது மாமா" என்றதும் அவருக்கே பெருமை, எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். பெரிய தொகையை ஆப்பில் தெரியாத நிரந்தர வைப்புக்கு மாற்றிவிட்டால் இன்னும் நல்லது.

பினாங்குப் பாலம் | நவம்பர் 20, காலை 9:30

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று வரும் கோப்பையும் கவனியுங்கள். படமோ பிடிஎஃப்போ என்றால் சரி. பெயர் 'ஏபிகே' என்று முடிந்தால் அது பத்திரிகை இல்லை, ஆப். நிறுவினால் எஸ்எம்எஸ்களைப் படிக்க அனுமதி கேட்கும். ஊருக்குப் போகிற நேரம் பாருங்கள், யார் வீட்டிலோ கல்யாணம் இருக்கத்தான் செய்யும், சந்தேகமே வராது. ஆண்ட்ராய்டு அமைப்புகளில் 'அறியாத ஆப்களை நிறுவு' என்பதை வாட்ஸ்அப்புக்கும் குரோமுக்கும் அணைத்துவைத்தால் தட்டினாலும் எளிதில் நிறுவப்படாது.

கடாரம் கண்டவன் | நவம்பர் 20, பகல் 2:44

ஊருக்குப் போகாமல் கேமரன் மலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்றும் இல்லையா? ஃபேஸ்புக்கில் ஒரு ஹோம்ஸ்டே பார்த்தேன், மூன்று அறை, ஒரு ராத்திரிக்கு 180 வெள்ளி, முன்பணம் பாதி கேட்கிறார்கள்.

செந்தூல் அக்கா | நவம்பர் 20, பகல் 3:10

டிசம்பரில், கேமரன் மலையில், மூன்று அறை 180 வெள்ளியா? தம்பி, பதிலை நீயே எழுதிவிட்டாய்.

நெட்வொர்க்கன் | நவம்பர் 20, பகல் 3:35

முன்பணம் போட்டே ஆக வேண்டும் என்றால், கணக்கு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள். அந்த எண்மீது ஏற்கெனவே புகார் இருந்தால் காட்டும். புகார் இல்லை என்று வந்தால் நல்லவன் என்று அர்த்தமில்லை, இதுவரை யாரும் புகார் கொடுக்கவில்லை, அவ்வளவே. மலாயில் 'அக்காவுன் கெல்டாய்' என்பார்கள், கழுதைக் கணக்கு. நூறு இருநூறு வெள்ளிக்கு எவரோ கொடுத்த அட்டையை வைத்துத் திருடன் அந்தக் கணக்கை ஓட்டுவான். நேற்றுத் திறந்த கழுதைக்கு இன்றைக்குப் புகார் எப்படி இருக்கும்?

அந்தப் படங்களைக் கூகிளில் படத்தேடலில் போடுங்கள். ஒரே வரவேற்பறை ஈப்போவிலும் மலாக்காவிலும் இருந்தால் புரிந்துவிடும்.

பத்துமலைவாசி | நவம்பர் 21, காலை 8:08

எல்லாரும் தனி ஆளைப் பற்றியே பேசுகிறீர்கள். 2025 மார்ச்சில் கோலாலம்பூர் கேஎல்ஐஏ விமான நிலையத்தின் கணினிகளையே தாக்கினார்களே, அப்போது நாம் என்ன செய்ய முடிந்தது? திரையெல்லாம் போய், விமான நேரத்தை வெள்ளைப் பலகையில் கையால் எழுதி வைத்திருந்தார்கள். ஒரு கோடி அமெரிக்க டாலர் கேட்டார்கள், பிரதமர் அன்வார் கொடுக்க முடியாது என்றார்.

நெட்வொர்க்கன் | நவம்பர் 21, காலை 9:00

இதில் அண்ணன் சொல்வது சரி. அதை நாம் தடுக்க முடியாது. டிக்கெட்டையும் ஹோட்டல் உறுதிச் சீட்டையும் தாளில் அச்சடித்து வைத்துக்கொள்வதுதான் நம்மால் ஆனது.

அச்சடித்ததைப் படம் எடுத்துப் போடாமல் இருந்தால் இன்னும் நல்லது. 2020 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபோட் தன் போர்டிங் பாஸை இன்ஸ்டாகிராமில் போட்டார். அதிலிருந்த முன்பதிவு எண்ணையும் குடும்பப் பெயரையும் வைத்து ஒருவர் விமான நிறுவனத்தின் பக்கத்தில் நுழைந்தார். பக்கத்தின் மூலநிரலைத் திறந்தால் அபோட்டின் பாஸ்போர்ட் எண்ணும் கைப்பேசி எண்ணும் இருந்தன. நுழைந்தவர் நல்லவர், உரியவர்களிடம் சொல்லிவிட்டார். நம் ஆட்கள் கேஎல்ஐஏவில் காலை நீட்டி, பாஸ்போர்ட்டுக்குள் போர்டிங் பாஸைச் செருகி, பக்கத்தில் காப்பி வைத்து எடுக்கும் படத்தில் முன்பதிவு எண், பெயர் இரண்டுமே தெளிவாகத் தெரிகின்றன. வீடு பூட்டிக் கிடக்கிறது என்ற தகவல் இலவச இணைப்பு.

பாயான்லெப்பாஸ் மலர் | நவம்பர் 21, இரவு 9:20

அம்மா கேட்டுச் சிரிக்கிறார். எல்லா பாஸ்போர்ட்டையும் நகலெடுத்து மஞ்சள் பையில் வைத்து இடுப்பில் கட்டிக்கொள்வது அவர் வழக்கம், நாங்கள்தான் இத்தனை வருடம் கேலி செய்தோம். வங்கி எண்களும் அந்தப் பைக்குள் போய்விட்டன. 500 வெள்ளி வரம்பை அப்பாவே மாற்றினார். வாட்ஸ்அப்பில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கான ரகசிய 'பின்' எண்ணும் போட்டாயிற்று. விசா, சரியான தளத்தில் விண்ணப்பித்தேன். நன்றி எல்லாருக்கும்.

பாயான்லெப்பாஸ் மலர் | ஜனவரி 6, இரவு 8:02

ஊர் திரும்பியாயிற்று. யாராவது இன்னும் இந்த இழையைப் பார்க்கிறீர்களா?

திருச்சியில் மூன்றாம் நாள் ராத்திரி, தைப்பிங்கில் இருக்கும் அப்பாவின் அத்தை மகன் வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறார்: "மாமா, ஓர் ஆறு இலக்க எண் தவறி உங்களுக்கு வந்துவிட்டது, அனுப்புங்கள்." அப்பாவும் கண்ணாடி இல்லாமல் எழுத்துக் கூட்டித் தட்டி அனுப்பியிருக்கிறார். அவர் கைப்பேசியில் வாட்ஸ்அப் வெளியே தள்ளிவிட்டது. அத்தை மகனின் கணக்கு முதல் நாளே போயிருக்கிறது, கேட்டது அவரே இல்லை.

பின் எண் போட்டிருந்ததால் அவர்களால் உள்ளே வர முடியவில்லை என்று நினைக்கிறேன். சொந்தக்காரர் யாருக்கும் அப்பா பெயரில் கடன் கேட்டுச் செய்தி போகவில்லை. எங்கள் சிம் உள்ளேயே இருந்ததால் புதுக் குறியீடு வந்தது. அடுத்துப் பின் எண் கேட்டது. அப்பாவுக்கு நினைவில்லை. "அதையும் எழுதி உங்கம்மா பையில் போட்டேனே" என்றார்.

நெட்வொர்க்கன் | ஜனவரி 6, இரவு 8:15

தாளில் இருந்ததா? சரியான இடம்தான். அப்புறம் என்ன?

பாயான்லெப்பாஸ் மலர் | ஜனவரி 6, இரவு 8:21

இருந்தது. அன்றைக்கு உள்ளே நுழைந்துவிட்டோம். ஆனால் அடுத்த வாரம் பழநியில் வாங்கிய பஞ்சாமிர்த டப்பாவையும் அம்மா அதே பையில் வைத்துவிட்டார். டப்பா கசிந்து வங்கி எண்களில் பாதி அழிந்துவிட்டது, பாஸ்போர்ட் நகல்களில் எறும்பு. நாளைக்கு உட்கார்ந்து புதுசாக எழுத வேண்டும்.